குறைந்த விலை வைஸும் என் கட்டைவிரலும்

சென்ற வாரம் காலை நடையை முடித்துவிட்டுக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சமீபத்தில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார்.

"வீட்டுல சின்னதா ஒரு பட்டறை போடலாம்னு இருக்கேன் சார். டிரில் மெஷின் பையன் வாங்கிக் குடுத்துட்டான். பெஞ்ச் வைஸ் ஒண்ணு வாங்கணும். எது சல்லிசா கிடைக்கும்?"

நான் வாயால் பதில் சொல்லவில்லை. இடது கையை நீட்டிக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் தழும்பைக் காட்டினேன். "சல்லிசா வாங்கினது இதுதான். ஏழு தையல்" என்றேன். மனிதர் திடுக்கிட்டுப் போனார். அங்கே அரைகுறையாகச் சொன்ன கதையை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவர்களில் பலருக்குத் திடீரென்று கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். அதற்கு முதலில் வாங்க வேண்டிய சாமானைத்தான் நாம் எல்லாவற்றுக்கும் கடைசியில், இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்குகிறோம். இது தப்பு என்பது என் கட்சி.

வைஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லேத் பட்டறைக்கோ சைக்கிள் கடைக்கோ போனால், மேசை ஓரத்தில் இரண்டு தாடைகளோடு ஓர் இரும்புச் சாமான் முடுக்கியிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு தாடை நகர்ந்து வந்து, நடுவில் வைத்த பொருளை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அறுப்பதோ, அரம் போடுவதோ, ஓட்டை போடுவதோ அதற்குப் பிறகுதான்.

என் அப்பா ரோடியர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். கடலூர் சாலையில் சங்கு ஊதினால் முதலியார்பேட்டையில் அடுப்பு மூட்டிய காலம் அது. அப்பாவின் கை சொரசொரவென்று அரம் மாதிரியே இருக்கும். என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். "நீ பேனா பிடிச்சா போதும்டா, அரம் பிடிக்க வேணாம்" என்பது அவருடைய ஒரே உபதேசம். அங்கே எங்களுக்கு 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம். பொருள்களைப் பற்றிய பாடம் என்று சொல்லலாம். மெழுகுவர்த்தி, தராசு, சுத்தியல் என்று ஏதாவது ஒரு பொருளைப் பற்றி ஆசிரியர் விளக்குவார். நாங்கள் பெயரைச் சொல்லி, அது எதனால் ஆனது, எதற்குப் பயன்படுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும்.

ஒரு நாள் பாடத்தில் வைஸின் படம் வந்தது. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'எத்தோ'. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாக, "இது எத்தோ" என்றேன். "ஏதோவா? ஏதோ இல்லடா, வைஸ்!" என்றார். மறுநாள் வகுப்பில் நான் 'வைஸ்' என்று சொல்லப்போய், ஆசிரியர் அதை 'வீஸ்' என்று திருத்திக் கேட்டு, "வீஸ் என்றால் திருகாணி, இது எத்தோ" என்று விரலைத் தட்டினார். மில்லில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். நடுவில் மாட்டிக்கொண்டது என் விரல்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டு பேர் சொன்னதும் சரி என்று. ஆங்கிலத்து 'வைஸ்' என்பதே பழைய பிரெஞ்சு 'வீஸ்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். அந்த வீஸ், திராட்சைக் கொடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கொடி சுற்றிக்கொண்டு ஏறுவது போல இருப்பதால் திருகுக்கு அந்தப் பெயர். வைஸின் உயிர் அதன் திருகில்தான் இருக்கிறது என்பதைப் பெயரே சொல்கிறது. ஆனால் கடையில் நிற்கும்போது நாம் பெயிண்டைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். திருகைப் பார்ப்பதில்லை.

அப்பா சொன்னபடியே நான் பேனாவைப் பிடித்தேன். அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை. முப்பத்தெட்டு வருடம். அதில் சில வருடம் கொள்முதல் பிரிவில். எந்த அலுவலகம் என்று இங்கே வேண்டாம். 1986 வாக்கில் தொழில் பழகும் பையன்களுக்கான ஒரு பட்டறைக்கு இருபது பெஞ்ச் வைஸ் வாங்க ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. இண்டென்டில் இருந்தது ஒரே வரி: 'பெஞ்ச் வைஸ், 5 இஞ்ச், 20 எண்ணம்.' மூன்று கொட்டேஷன் வாங்கினோம். நான் கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட்டேன். குறைந்த விலைக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, 'மிகக் குறைந்த விலை, ஏற்கலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கையெழுத்து ஆகி வந்தது. அந்தக் காலத்தில் என் ஸ்டேட்மென்ட்டில் ஒரு பைசா தப்பு இருக்காது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பட்டறையில் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்துக் கோப்பின் மேலே பிரித்தார். உள்ளே உடைந்த நட்டு ஒன்று. வைஸின் திருகு ஓடுகிற நட்டு. மரை முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இருபதுல ஏழு இப்படி ஆயிடுச்சு சார். முடுக்கினா பிடிக்கிற மாதிரி இருக்கும், அரம் போடும்போது விட்டுடும். நேத்து ஒரு பையனுக்கு விரல் முட்டி பேந்துடுச்சு. இதையும் கோப்புல டேக் போட்டு வையுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. ரூல்படி செய்தேன், ஆடிட்டுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நட்டைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மறந்துவிட்டேன்.

2011-இல் ஓய்வு பெற்றேன். வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெட்டி ஆயுதம். கதவுத் தாழ்ப்பாள், குக்கர் கைப்பிடி, பேரனின் சைக்கிள் என்று என்னால் ஆன ரிப்பேர். இதற்கு ஒரு வைஸ் வேண்டுமென்று கடைக்குப் போனேன். பழக்கம் விடுமா? மூன்று கடை ஏறி இறங்கி, மூன்று விலை கேட்டு, குறைந்ததை வாங்கினேன். 3 இஞ்ச், மேசை விளிம்பில் மாட்டி அடியிலிருந்து முடுக்குகிற மாதிரி. 650 ரூபாய். பளபளவென்று நீலப் பெயிண்ட்.

ஓர் அலுமினியப் பட்டையில் ஓட்டை போட அதை வைஸில் கடித்து, இடது கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு டிரில்லை ஓட்டினேன். டிரில் பிட் அடிப்பக்கம் எட்டிப்பார்க்கிற நேரத்தில்தான் பட்டையைக் கவ்விப் பிடிக்கும். கவ்வியது. வைஸின் தாடை விட்டது. பட்டை பங்கா இறக்கை மாதிரி சுற்றியது. அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஏழு தையல். தையல் போட்ட சின்னப் பெண் டாக்டர், "தாத்தா, என்ன வேலை பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டது. என் மனைவி முந்திக்கொண்டு, "அவருக்கு என்னம்மா வேலை, ரிட்டயர் ஆயிட்டார். அதான் இந்த வேலை" என்றாள்.

கை கட்டோடு உட்கார்ந்து அந்த வைஸைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த நட்டின் மரை வழவழவென்று தேய்ந்திருந்தது. கைக்குட்டையில் பார்த்த அதே நட்டு போலத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் 1986-இல் விரல் முட்டி பேந்த பையனை, பெயர்கூடத் தெரியாத அந்தப் பையனை, முதல் தடவையாக நினைத்தேன். என் அப்பா அரம் பிடித்த கை. அவர் இருந்திருந்தால் என் ஸ்டேட்மென்ட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்றும் நினைத்தேன்.

மாஸ்டரைத் தேடிப் போனேன். அவரும் ஓய்வு பெற்று லாஸ்பேட்டையில் மகளோடு இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நட்டைப் பற்றிச் சொன்னதும் தெரிந்தது. என் கட்டைப் பார்த்துச் சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வாங்க சார், ஒரு வைஸ் எடுத்துடலாம்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குள்ளே ஓர் ஆசை இருந்தது. மில் சாமானாக ஒரு பழைய வைஸ் கிடைத்தால் அப்பா நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று. காயலான் கடை ஒன்றில் அப்படி ஒன்று இருந்தது. கறுத்துப்போய், பெரிசாக, 6 இஞ்ச். மில்லிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். பழைய இரும்பு விற்கிறவர்கள் புதுச்சேரியில் எல்லாச் சாமானையும் மில்லிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலை பேசவே ஆரம்பித்துவிட்டேன்.

மாஸ்டர் ஒரு ஸ்பேனரை எடுத்து, பானை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பது போல அதன் உடம்பில் அங்கங்கே தட்டினார். ஓர் இடத்தில் சத்தம் ஓட்டைப் பானை மாதிரி வந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். நிலையான தாடை அடிப்பாகத்தோடு சேருகிற இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். அதன்மேல் யாரோ பித்தளை ஊற்றி ஒட்டியிருந்தார்கள்.

"வார்ப்பிரும்பு சார் இது. அமுக்கினா எவ்வளவு வேணா தாங்கும், இழுத்தா தாங்காது. வைஸை முடுக்கும்போது தாடை ரெண்டும் வெளிப்பக்கம் போகப் பார்க்கும். அப்ப இந்த முட்டுல இழுப்பு விழும். உடைஞ்சா இங்கதான் உடையும். ஒருக்கா விட்டதை நம்பாதீங்க."

பாசம் வேறு, பிடி வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. பழையதெல்லாம் பொன் என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குப் பிடித்த பேச்சு. நல்ல பழைய வைஸ் பல புதியவற்றைவிட மேல் என்பது உண்மைதான். ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் போன்றவை ஐம்பது வருடம் உழைத்தும் இன்னும் திடமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தட்டிப் பார்க்கத் தெரியாதவன் பழையதை வாங்கக் கூடாது. நான் தட்டிப் பார்க்கத் தெரியாதவன்.

அதனால் புதுசுக்கே போனோம். மாஸ்டர் கடையில் செய்த சோதனைகளை அப்படியே எழுதுகிறேன். எதற்கும் கருவி வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

முதலில் காகிதச் சோதனை. தாடைகளின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு துண்டுக் காகிதத்தை வைத்து லேசாக முடுக்க வேண்டும். இரண்டையும் இழுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வராமல் நிற்க வேண்டும். ஒன்று நின்று மற்றது வழுக்கி வந்தால் தாடை கோணல். காலமெல்லாம் காகிதத்தோடு வாழ்ந்த எனக்கு இது பிடித்துப்போயிற்று. முதல் கடையில் மூன்று வைஸ் இதிலேயே தோற்றன.

இரண்டாவது, வைஸை முக்கால்வாசி திறந்து, நகரும் தாடையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பது. கொஞ்சம் ஆடும், ஆடாமல் நகராது. லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். முடுக்கும்போது தாடை மேலே தூக்கிக்கொள்ளும், பிடித்த பொருள் கோணிக்கொள்ளும்.

மூன்றாவது, கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து, சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்புவது. எவ்வளவு சுற்று வீணாகப் போன பிறகு தாடை நகர ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும். கால் சுற்றுக்கு உள்ளே இருந்தால் நல்லது. அரைச் சுற்று வீணானால் புதுசிலேயே மரை தொளதொள என்று அர்த்தம். மனிதனுக்கு மரை கழன்றால் வீட்டார் சமாளித்துக்கொள்வார்கள். வைஸுக்குக் கழன்றால் விரல்தான் போகும்.

நான்காவது, தலைகீழாகப் புரட்டி அடிவயிற்றைப் பார்ப்பது. திருகின் மரை சன்னமாகக் கூராக இல்லாமல், தடித்துச் சதுரமாகவோ அதற்குக் கிட்டத்தட்டவோ இருக்க வேண்டும். நட்டு தனித் துண்டாக இருந்தால் தேய்ந்த பிறகு மாற்றலாம். தாடையின் முகத்தில் இருக்கும் பல் பட்டைகளும் ஸ்க்ரூ போட்டு மாட்டியதாக இருக்க வேண்டும். அதே காரணம்தான்.

கடைசியாக, பெயிண்ட் எங்காவது மாவு பூசியது போலத் தடித்திருக்கிறதா என்று நகத்தால் தடவுவது. வார்ப்பில் விழுந்த குழிகளைப் பட்டி வைத்து மூடி அதன்மேல் பெயிண்ட் அடிப்பது உண்டாம். கல்யாணத் தரகர் வேலை மாதிரி.

எது வாங்கினோம் என்றால் 5 இஞ்ச், அடிப்பாகம் நிலையானது, ஏறக்குறைய 13 கிலோ. உடம்பு எஸ்.ஜி. அயர்ன் என்கிற வகை. சாதாரண வார்ப்பிரும்புக்குள் கரி இதழ் இதழாக இருக்கும். ஒவ்வோர் இதழும் ஒரு சின்ன விரிசல் மாதிரி. எஸ்.ஜி. அயர்னில் அதே கரி குண்டு குண்டாக உருண்டிருக்கும். அதனால் இழுத்தால் சட்டென்று உடையாது. விலை, நான் முதலில் வாங்கினதைவிட ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்பத்திரிச் செலவைச் சேர்த்தால் இதுதான் மலிவு.

"வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு?" என்று கேட்பார்கள். என் மகனும் கேட்டான். சின்னப் பொருளைப் பெரிய வைஸ் பிடிக்கும். பெரிய பொருளைச் சின்ன வைஸ் பிடிக்காது. வீட்டில் வருகிற வேலையோ, நாற்காலிக் கால், கேட்டின் கீல், தண்ணீர்க் குழாய் என்று சின்னதாக வருவதில்லை. 4 இஞ்சுக்குக் கீழே வாங்குவது பொம்மை வாங்குவதற்குச் சமம். 6 இஞ்ச் தூக்கவும் மாட்டவும் நம் இடுப்புக்கு ஆகாது. சுழலும் அடிப்பாகம் உள்ளதைக் கடைக்காரர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது எல்லாப் பக்கமும் திரும்பும், வாஸ்தவம்தான். ஆனால் ஆடுவதற்கு இன்னும் ஓர் இடம், முடுக்குவதற்கு இன்னும் இரண்டு நட்டு. வீட்டுத் தாழ்வாரத்தில் வைஸைத் திருப்ப வேண்டாம், நாம் திரும்பி நின்றால் போதும்.

இங்கே என் வயதுக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். மகன்கள் நமக்கு டிரில் மெஷின் வாங்கிக் கொடுக்கிறார்கள், கிரைண்டர் வாங்கிக் கொடுக்கிறார்கள். கரண்டு சாமான் இருந்தால் அப்பாவுக்குச் சிரமம் குறையும் என்று நினைக்கிறார்கள். ஆனால் எழுபது வயதுக் கையில் முதலில் குறைவது வெட்டுகிற பலம் அல்ல, பிடிக்கிற பலம். பாட்டில் மூடியைத் திறக்க மருமகளைக் கூப்பிடுகிறோமே, அதே கைதான் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு சுழலும் பிட்டுக்கு முன்னால் நிற்கிறது. இளைஞன் வைஸ் இல்லாமல் சமாளித்துவிடலாம், அவனுக்கு இரண்டு கை இருக்கிறது. நமக்கு ஒன்றரைக் கைதான். மிச்ச அரைக் கை வைஸ்.

அந்த அரைக் கையின் பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடியை நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், ஒரு சுற்றுக்கு என் கை 94 சென்டிமீட்டர் போகிறது. தாடை நகர்வது, மரையைப் பொறுத்து, அரை சென்டிமீட்டர். அதாவது 188-இல் ஒரு பங்கு தூரம். நான் 10 கிலோ பலத்தோடு தள்ளினால், முக்கால் பங்கு உராய்விலேயே போனாலும், தாடையில் 400 கிலோவுக்கு மேல் பிடி கிடைக்கும். பாட்டில் மூடி திறக்க முடியாத கைக்கு 400 கிலோ! இதனால்தான் கைப்பிடியில் குழாயைச் சொருகி நீட்டி முடுக்குவதும், சுத்தியால் அடித்து முடுக்குவதும் கூடாது. கை பலம் போதாதென்று தோன்றினால் பொருளைச் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம்.

வைஸ் வாங்குவது பாதி, பதிப்பது மீதி. மேசையின் நடுவில் வைத்தால் பலகை முரசு மாதிரி அதிரும். கால் இருக்கிற மூலைக்கு நேர் மேலே வைக்க வேண்டும். நிலையான தாடையின் முகம் மேசை விளிம்பைத் தாண்டி ஒரு நூல் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியை நிமிர்த்திப் பிடிக்கலாம், மேசை இடிக்காது. மர ஸ்க்ரூ உதவாது. பலகையை ஓட்டை போட்டு, போல்ட்டு விட்டு, அடியில் பெரிய வாஷர் வைத்து நட்டு முடுக்க வேண்டும். நான் முதலில் லேசான மேசையில் பதித்தேன். அரம் போட்டால் வைஸ் நின்றது, மேசை நடந்தது. பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரோடு சேர்த்துப் பிணைத்தேன்.

உயரத்துக்கு மாஸ்டர் ஒரு வழி சொன்னார். நிமிர்ந்து நின்று முழங்கையைத் தாடை மேல் ஊன்றி, கையை மடக்கினால் முஷ்டி மோவாயைத் தொட வேண்டும். சாதாரண மேசையில் வைத்தால் தணிவாகத்தான் இருக்கும். அடியில் தடித்த மரக்கட்டை கொடுத்து உயர்த்திக்கொள்ளுங்கள். குனிந்து வேலை செய்தால் சாயங்காலம் தைலம் தேய்க்க ஆள் தேடுவீர்கள்.

மெத்தென்ற பொருளைப் பிடிக்கும்போது பல் பதியாமல் இருக்க, ப வடிவில் மடித்த இரண்டு அலுமினியத் தகடு தாடைகள் மேல் போட்டுக்கொள்ளலாம். எனக்குக் காயம் பண்ணின பட்டையையே வெட்டி அதைச் செய்துகொண்டேன். நம் ஊர் கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும். மாதம் ஒரு முறை திருகைத் துடைத்துக் கிரீஸ் தடவ வேண்டும். வேலை முடிந்ததும் தாடைகளைப் பூட்டிவைக்காமல் ஒரு காகித இடைவெளி விட்டு வையுங்கள்.

நண்பர் கடற்கரையில் இன்னொன்றும் கேட்டார். "அப்ப குறைஞ்ச விலைக்கு வாங்கணும்கிற ரூலே தப்பா சார்?"

யோசித்துப் பார்த்தேன். ரூல் தப்பில்லை. கேட்ட பொருளைக் குறைந்த விலைக்குத் தருகிறவரிடம் வாங்கு என்றுதான் ரூல் சொல்கிறது. நாங்கள் என்ன பொருள் வேண்டுமென்று கேட்கவே இல்லை. 'பெஞ்ச் வைஸ், 5 இஞ்ச்' என்று தாடையின் அகலத்தை மட்டும் கேட்டோம். அகலம் வந்தது. பிடி வரவில்லை. இண்டென்டை எழுதுவதற்கு முன் நான் ஒரு தடவை அந்தப் பட்டறைக்குப் போய் மாஸ்டரைக் கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட நடைதான். போகவில்லை. கூட்டல் சரியாக இருந்தால் கோப்பு சரி என்று நினைத்தேன்.

அந்த இண்டென்டை இன்றைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'பெஞ்ச் வைஸ், நிலையான அடிப்பாகம், தாடை அகலம் 5 இஞ்ச். உடம்பு எஸ்.ஜி. அயர்ன். திருகு எஃகு, தடித்த மரை. நட்டும் தாடைப் பட்டைகளும் கழற்றி மாற்றத்தக்கவை. இரு ஓரத்திலும் வைத்த காகிதத்தை ஒரே சமமாகப் பிடிக்க வேண்டும். கைப்பிடியின் வீண் சுற்று கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. பட்டறை மாஸ்டர் ஒவ்வொன்றையும் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகே பில் பாஸ் ஆகும். 20 எண்ணம்.'

கடைசி வரிதான் முக்கியம். உபயோகிக்கப் போகிறவனைக் கேட்காமல் வாங்கினது எதுவும் உருப்படவில்லை, அரசாங்கத்திலும் சரி, வீட்டிலும் சரி.

மாஸ்டர் மாதம் ஒரு முறையாவது வருவார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார். போகும்போது வைஸின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவார். போன தடவை வந்தபோது, அந்த இண்டென்டை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இது சரியா இருக்கு சார்" என்றார். "அந்தப் பையன்கூட இப்ப அம்பதைத் தாண்டியிருப்பான்."